அப்பா பக்கத்து பிரேக்

தம்பி,

உன் சான்றிதழ்கள் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள், பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கும் மெடிக்கல் சர்டிபிகேட்டுக்கும் நடுவே, இந்தக் காகிதங்களை வைக்கப்போகிறேன். விமானம் கிளம்பியதும் உறையைத் திறந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மூன்று நாளாக உன் உயிரை எடுக்கிறேனே, அது இதற்காகத்தான். திருச்சியில் இறங்குவதற்குள் படித்துவிடு. வாயால் சொல்லியிருக்க வேண்டியது. சொல்ல முயன்றபோதெல்லாம் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டேன்.

கிளினிக்கில் மதிய இடைவேளை. ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். நம் காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். நிழல்கூரைக்குக் கீழே நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டிருக்கிறேன். டிரைவர் சீட்டில் ஸ்டியரிங் இடிக்கிறது என்று பக்கத்து சீட்டுக்கு மாறிக்கொண்டேன். வலது காலுக்குக் கீழே அப்பா மாட்டிய அந்தப் பெடல் இருக்கிறது. எழுத்து தடைபடும்போதெல்லாம் கால் தானாக அதை மிதிக்கிறது.

போன வெள்ளிக்கிழமை பெட்டியை எடை போட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவைப் பற்றி நீ சொன்னாய்: "அவரு ஏர்போர்ட்டுக்கு வந்தா நான் கண்டுக்க மாட்டேன்மா. நேரா டாக்ஸி புடிச்சு கோயம்புத்தூர் போயிடுவேன்." ஏன்டா அப்படிப் பேசுகிறாய் என்றேன். "ஷோ காட்டுறதுக்காக ஃபேமிலியவே உடைச்சவர்தானே? லைசென்ஸ் இல்லாம காரை எடுக்கணும்னு அவருக்கு யார் சொன்னா?" என்றாய். கேள்வியாகக் கேட்கவில்லை, திட்டாகத்தான் சொன்னாய். ஆனால் அதற்குப் பதில் இருந்தது. என்னிடம் இருந்தது. நான் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினேன். ஏழு வருஷமாக நான் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

முதலில் இந்தக் காரைப் பற்றிச் சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல முடியும். உனக்கு நாலு வயதானபோது, வேலையை விட்டு ஊரோடு போய்விட முடிவெடுத்த ஒரு மலையாள நர்ஸ் அக்காவிடமிருந்து வாங்கினோம். "சின்ன வண்டியா மோளே, பட்சே சதிக்கில்ல" என்று சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். சின்ன வண்டிதான், ஆனால் மோசம் செய்யாது என்று அர்த்தம். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், அடுத்த வருஷம் நீ, அதற்கடுத்த வருஷம் இந்த ஊர். ஊரில் டிராக்டரிலிருந்து லாரி வரை ஓட்டிப் பழகியவர் உன் அப்பா. ஆனால் இங்கே நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு லைசென்ஸ் தர டிகிரி கேட்பார்கள், இவ்வளவு சம்பளம் என்று கேட்பார்கள். அவர் ஐ.டி.ஐ. படித்த ஏசி மெக்கானிக். நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாத எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. இரண்டு முறை பெயிலாகி, மூன்றாம் முறை ஜுரத்தோடு போய் வாங்கினேன். சொந்த ஊரில் கேட்டவர்களிடம் அவர் சொல்வார்: "எனக்கு டிரைவர் இருக்கு மாப்ள. பி.எஸ்சி. டிரைவர்."

ஓட்ட முடியாத காரை அவர் என்ன செய்வார்? எனக்கு ஏற்ற மாதிரி ஆக்கினார். நான் குள்ளம், பானட்டுக்கு அப்பால் ரோடு தெரியாது. ஒட்டுப்பலகையும் ஸ்பாஞ்சும் வைத்து என் சீட்டை நாலு விரல்கடை உயர்த்தினார். ஜூலை மாதத்தில் ஸ்டியரிங்கைத் தொட்டால் கை வெந்துவிடும் என்று என் பழைய காட்டன் புடவையைக் கிழித்து அதற்கு உறை தைத்தார், அவரே, ஊசி நூலோடு. முன்கண்ணாடியின் அடியில் ஒரு சிவப்பு நாடாத் துண்டை ஒட்டி, "இந்த நாடாவும் ரோட்டுக் கோடும் ஒண்ணா தெரிஞ்சா உன் வலது சக்கரம் கோட்டு மேல இருக்குன்னு அர்த்தம். கண்ண மூடிக்கிட்டு நம்பு" என்றார். "கண்ண மூடுனா எப்படிங்க ஓட்டுறது?" என்றதற்கு, "இப்ப மட்டும் தொறந்துகிட்டா ஓட்டுற?" என்றார். இரண்டு பக்கக் கண்ணாடிகளின் முதுகுக்கும் சிவப்பு பெயிண்ட் அடித்தார். நாம் குடியிருக்கும் அப்பாசியாவில் மண்தரையில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கார்களில், தூசி மூடிக் கிடந்தாலும், நம்முடையது தனியாகத் தெரிய வேண்டுமாம். இன்றைக்கும் டூட்டி முடிந்து வெளியே வரும்போது அந்தச் சிவப்பைத்தான் தேடுகிறேன்.

உனக்குச் செய்ததுதான் பெரிய வேலை. இந்த மாதிரிக் குட்டிக் காரில் பின்சீட்டுக்கு ஏசிக் காற்று வராது. நீ ஒவ்வொரு பயணத்திலும் வாந்தி எடுப்பாய். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நடுவிலிருக்கும் காற்றுத் துவாரத்திலிருந்து இரண்டு முன்சீட்டுக்கும் இடையே வளையும் குழாய் ஒன்றைப் பொருத்தி, சாம்பல் துணி சுற்றி, உன் முகத்துக்கு நேரே கொண்டுவந்து விட்டார். நீ அதை யானைத் தும்பிக்கை என்றாய். ஸ்கூலுக்குப் போகும் வழியெல்லாம் அதற்குள் வாயை வைத்து எனக்கு ரேடியோ அறிவிப்பு செய்வாய். மறந்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். மறந்ததாக நீ சொல்லிக்கொள்வதுண்டு.

அப்புறம் இந்தப் பெடல். நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே வருவார். அந்த இடத்தில் மேட் ஓட்டையாகிவிட்டது. "என்னங்க, சும்மா எதை மிதிக்கிறீங்க?" என்றேன் ஒரு நாள். "நீ மிதிக்க மாட்டேங்கிறியே, நானாவது மிதிக்கிறேன்." அடுத்த வாரமே ஸ்க்ராப் யார்டிலிருந்து ஒரு பழைய பிரேக் பெடலைக் கொண்டுவந்து, பலகையில் திருகாணி போட்டு, தன் காலடியில் மாட்டிக்கொண்டார். எந்தக் கம்பியோடும் இணைப்பு இல்லை. ரவுண்டானாவில் நான் வேகமாகத் திரும்பினால் அதை அழுத்தி, வாயாலேயே "க்ரீ...ச்" என்பார். பின்னாலிருந்து நீ கத்துவாய்: "அப்பா பிரேக் போட்டுட்டாரு! அம்மா தப்பிச்சா!"

வருஷத்துக்கு ஒரு முறை காரைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாசிங் என்போமே, அது. அதற்கு முன்னால் இந்தக் குழாய், நாடா, பலகை, பெடல் எல்லாவற்றையும் கழற்றி, காரைக் கம்பெனியிலிருந்து வந்த மாதிரி ஆக்குவார். பாசிங் முடிந்த அன்றே திரும்ப மாட்டிவிடுவார். கழற்றிய கார் எனக்கு யாருடைய காரோ போல இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பாசிங் நெருங்கிக்கொண்டிருந்ததால் காரை வீட்டில் விட்டுவிட்டு நான் கிளினிக் வேனில் டூட்டிக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட். தூங்காமல் காலையிலேயே கழற்றும் வேலையை ஆரம்பித்திருந்தார். உன் ஸ்கூலிலிருந்து எனக்கு போன் வந்தது. நீ ஒரு தடவை வாந்தி எடுத்தாயாம், கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். தம்பி, உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும். நீ பதில் மெசேஜ் போட ஐந்து நிமிஷம் தாமதித்தால் ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பிவிடும் மனசு. நான் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"டாக்ஸி புடிச்சுப் போறேன். பத்து நிமிஷத்துல கிடைச்சுடும்" என்றார்.

"பத்து நிமிஷமா? புள்ள அங்க மயங்கிக் கெடக்குறான். வாசல்ல காரு நிக்குதுல்ல?"

"லைசென்ஸ் இல்லடி."

"ரெண்டு சிக்னல். எத்தன பேரு இல்லாம ஓட்டுறான். உங்களுக்குக் காருக்குப் பொட்டு வச்சுப் பூ வைக்கத்தான் தெரியும். ஆம்பளையா லட்சணமா ஒரு நாளாவது ஓட்டியிருக்கீங்களா?"

நீ மயங்கவில்லை. அதை நானாகச் சேர்த்தேன். கடைசியில் சொன்னதையும் நான்தான் சொன்னேன். ஏழு வருஷமாக என்னைக் கேலி பேசிச் சிரிக்கவைத்த மனிதர், காரில் ஒவ்வொரு திருகாணியும் தெரிந்தும் ரோட்டில் ஒரு அடி ஓட்டாதவர். ஏன் ஓட்டவில்லை? பயத்தால் அல்ல. மாட்டினால் நாம் மூன்று பேரும் என்ன ஆவோம் என்று தெரிந்ததால். "சரி. போறேன்" என்றார். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குப் புத்தி வந்திருக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். குழாயைக் கழற்றியிருந்ததால் உன்னை முன்சீட்டில் உட்காரவைத்தார். பெடலை இன்னும் கழற்றியிருக்கவில்லை. திரும்பி வரும்போது, நம் தெருவுக்கு ஒரு சிக்னல் முன்னால், போலீஸ்காரர் கையைக் காட்டினார். அன்றைக்கு நீ என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "போலீஸைப் பாத்ததும் நான் என் பக்கத்து பிரேக்கை மிதிச்சேன்மா. வேல செய்யாதுன்னு தெரியும். இருந்தாலும் மிதிச்சேன்." உனக்குப் பதினொரு வயது.

போன் வந்து நான் டாக்ஸியில் வந்து இறங்கியபோது நம் கார் ஓரமாக நின்றிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பையனுக்கு உடம்பு சரியில்லை, ஏசியை நிறுத்தவேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டாராம். ஒரு இளம் போலீஸ்காரர் உனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். அப்பா ஜீப்பின் பின்னால் இருந்தார். அவர்களிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "மேடம் மாஃபி மாலும். மேடம் மாஃபி மாலும்." மேடத்துக்குத் தெரியாது. கார் என் பெயரில் இருந்தது. லைசென்ஸ் இல்லாதவர் கையில் சாவியைக் கொடுத்தது நான் என்று ஆனால் என் வேலையும் போகும், விசாவும் போகும், உன் படிப்பும் போகும். அந்தச் சில நிமிஷங்களில் இதையெல்லாம் அவர் யோசித்து முடித்திருந்தார். பெரிய அதிகாரி என்னைப் பார்த்து, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். தலையை மிக லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று.

"மாஃபி மாலும்" என்றேன்.

ஜீப் கிளம்பும் முன்னால் கம்பி ஜன்னல் வழியாக அவர் என்னிடம் பேசினார். என்னைத் திட்டவில்லை, உன்னைப் பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. "சீட்டைப் பின்னாடி தள்ளியிருக்கேன். முன்னாடி இழுத்துக்க. இல்லன்னா உனக்குப் பிரேக் எட்டாது" என்றார். இந்த மண்ணில் நேருக்கு நேர் அவர் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தைகள் அவை. நான் போய் உட்கார்ந்தேன். பலகையையும் ஸ்பாஞ்சையும் எடுத்திருந்ததால் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி இருந்தது. கால் அந்தரத்தில் நின்றது. அந்தக் காரில் அவர் கால் நீட்டி உட்கார்ந்த தூரம் அது, ஒரே ஒரு நாள். அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ பக்கத்தில் ஜூஸ் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, போலாம்மா" என்றாய். நெம்புகோலைப் பிடித்து, ஒவ்வொரு பல்லாக, டக் டக் என்று சீட்டை முன்னால் இழுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காவலிலிருந்தே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இனி திரும்பி வர முடியாது. இரண்டு லுங்கியும் நாலு சட்டையும் வைத்த பையை மட்டும் கொடுக்க முடிந்தது, முகம் பார்க்க முடியவில்லை. அந்த வாரம்தான் நீ கேட்டாய்: "அப்பா ஏம்மா காரை எடுத்தாரு?" எனக்கு வாயில் முதலில் வந்தது: "உங்கப்பாவுக்கு ஒரு தடவையாவது ஓட்டிப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசைடா." அவர் போலீஸிடம் சொன்ன பொய்யோடு ஒட்டிப்போகிற மாதிரி ஒரு சின்ன வாக்கியம். நீ ஸ்கூலில் யாரிடமாவது உளறிவிடுவாயோ என்ற பயம் ஒரு காரணம் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்ற பயம்தான்.

அவரிடம் போனில் சொல்லி அழுதேன். "விடு. அப்படியே இருக்கட்டும். நீதான அவன்கூட இருக்கப்போற. அவனுக்கு உன்மேல கோவம் வந்துட்டா அங்க யாருகிட்ட போவான்? என்மேல கோவப்பட்டுக்கட்டும். நான்தான் தூரத்துல இருக்கேனே" என்றார். பெரியவன் ஆனதும் சொல்லிவிடலாம் என்றேன். சொல்லாமல் இருந்தது அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு அல்ல. அது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த வாக்கியம் உன்னோடு சேர்ந்து வளர்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் இரண்டு லீவில் ஊருக்குப் போனபோது அவரோடு பேசினாய், குறைவாக. மூன்றாவது லீவில் மாமா வீட்டிலேயே தங்கிவிட்டாய். அவர் பஸ் பிடித்து வந்து கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். போகும்போது என்னிடம், "நல்லா உசரமா வளந்துட்டான். முன்சீட்ட நல்லாப் பின்னாடி தள்ளணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே நான் உன் அறைக் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

இப்போதும் ஒவ்வொரு பாசிங்குக்கு முன்னால் நான்தான் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிறேன். போனைக் கியர் பக்கத்தில் சாய்த்துவைத்து வீடியோ காலில் அவர் சொல்லச் சொல்லச் செய்கிறேன். "அந்த ஸ்க்ரூ இல்ல, அதுக்குக் கீழ. இடது பக்கம் திருப்பு. அதான் நட்டு, அதப் போயி போல்ட்டுங்கிற. பி.எஸ்சி. யாரு குடுத்தா உனக்கு?" போன வருஷம் ஒரு நாள் நீ மேலேயிருந்து குப்பைப் பையோடு இறங்கி வந்தாய். அவர் குரலைக் கேட்டதும் அப்படியே திரும்பிப் போனாய். அவருக்குத் திரையில் உன் செருப்பு மட்டும் தெரிந்திருக்கிறது. "தம்பியா?" என்றார். பக்கத்து வீட்டுப் பையன் என்றேன். பார், அவருக்கும் ஒரு பொய்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் நான் அம்மா, ஒன்றிரண்டு சொல்லாமல் போக மாட்டேன். பதற்றத்தில் இருக்கும்போது போனை எடுக்காதே, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எடு. ஒருவர் தன்னால் முடியாது என்று தானே சிரித்துச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இருக்கும். கோபத்தில் அந்த இடத்தில் மட்டும் கை வைக்காதே. அவர் சிரிப்பது அங்கே வலிக்காததால் அல்ல. ஹாஸ்டலில் ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதே. நாளைக்கு நீ கார் வாங்கினால் டயரில் காற்றை மாதம் ஒரு தடவை பார். பொய் சொல்ல நேர்ந்தால் அன்றைக்கே திரும்பிப் போய் எடுத்துவிடு, மறுநாளைக்கு வைக்காதே.

என்மேல் உனக்கு இப்போது என்ன தோன்றும் என்று தெரியாது. கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்ததும் நீ எனக்கு போன் செய்யாமல் இருக்கலாம். நான் இருபது தடவை அடிப்பேன், எடுக்காமல் இருக்கலாம். அதை எதிர்பார்த்துத்தான் எழுதுகிறேன். எனக்கு லீவு அடுத்த மாதம்தான். நீ வரவேண்டாம் என்றால் உன் காலேஜ் வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

ஆனால் அவர் நாளை மறுநாள் திருச்சி ஏர்போர்ட்டில் இருப்பார். வரட்டுமா என்று அவர் கேட்டபோது, தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உன்னைக் கேட்கவில்லை. வாங்க என்று சொல்லிவிட்டேன். உள்ளே கூட்டத்தோடு நிற்க மாட்டார். உனக்குச் சங்கடமாக இருக்கும் என்று வெளியே பார்க்கிங்கில் காருக்குப் பக்கத்தில் நிற்பார். வீடு வீடாக ஏசி ரிப்பேருக்குப் போவதற்காக ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறார். நம்முடையதைப் போலவே குட்டிக் கார், வெள்ளை. கண்ணாடி இரண்டுக்கும் சிவப்பு அடித்திருக்கிறார், அதனால் கண்டுபிடிப்பது சுலபம். அங்கே அவருக்கு லைசென்ஸ் இருக்கிறது.

நேற்று போனில் வெகுநேரம் ஏதேதோ பேசிவிட்டு, கடைசியில் கேட்டார்: "ஏய், தம்பி முன்னாடி உக்காருவானா, பின்னாடி உக்காருவானா?" நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "இல்ல, என் பக்கத்துல உக்கார அவனுக்கு ஒரு மாதிரி இருக்கலாம். கோயம்புத்தூர் போக அஞ்சு மணி நேரம் ஆகும், பின்னாடி காத்து வராது. எதுக்கும் இருக்கட்டும்னு பைப்பை மாட்டிட்டேன்."

நீ அவரோடு பேச வேண்டாம் தம்பி. முன்னால் உட்கார வேண்டாம். பின்னால் உட்கார். காற்று வரும்.

அம்மா